சஷ்டிக்குப் போடாத மாத்திரைகள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று ஊரே சொல்லும். ஊர் என்றால் மலேசியாவின் பத்து பாகாட் நகரத்தில் எங்கள் வரிசை வீடுகளும், நான் ஓட்டும் பேக்டரி பஸ்ஸில் ஏறுகிறவர்களும்தான். இருபத்தாறு வருடமாக அதே பாதை, அதே நேரம். யாராவது இரண்டு நிமிஷம் தாமதமாக வந்தால் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருப்பேன். வருகிற பெண்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏறுவார்கள். நேரம் தவறாதவன் என்பதில் எனக்குப் பெரிய திமிர் உண்டு. அந்தத் திமிரோடுதான் என் மனைவியின் மாத்திரைப் பொறுப்பை நான் கையில் எடுத்துக்கொண்டேன்.

எட்டு வருடங்களுக்கு முன்னால் அவள் இடது விலாவுக்குக் கீழே என்னவோ கனமாக இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தாள். இரண்டு வாய் சோறு தின்றால் வயிறு நிறைந்துவிடுகிறது, சாயங்காலம் ஆனால் காய்ச்சல் மாதிரி அடிக்கிறது என்றாள். காஸ்ட்ரிக், வெறும் வயிற்றில் காப்பி குடித்தால் இப்படித்தான் ஆகும் என்று நான் அவளைத் திட்டினேன். மூன்று மாதம் அதையே சொல்லித் திட்டினேன். கடைசியில் கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட வீட்டுக்குப் போகாதீர்கள், நேராக ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கும்.

ரத்தப் புற்றுநோய். ஆனால் மெதுவாக வளர்கிற வகை, அதற்கு மாத்திரை இருக்கிறது என்றார் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர். மலாய்ப் பெண், எங்கள் மகள் வயசுதான் இருக்கும். தினமும் ஒரு மாத்திரை, நன்றாகச் சாப்பிட்ட வயிற்றோடு, பெரிய கிளாஸ் நிறையத் தண்ணீரோடு, ஆயுசு முழுக்க. ஆயுசு முழுக்கவா என்று நான் மலைத்துப்போய்க் கேட்டேன். ஆமாம், அதுதான் நல்ல செய்தி என்று அவர் சிரித்தார். வீட்டுக்கு வரும் வழியில்தான் அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. ஆயுசு ஒன்று பாக்கி இருக்கிறதே.

அன்றிலிருந்து எட்டு மணி எங்கள் வீட்டில் ஒரு சட்டம் ஆனது. சாயங்கால ஷிப்டை இறக்கிவிட்டு ஏழரைக்கு வருவேன். குளித்துவிட்டு உட்கார்ந்தால் எட்டுக்குக் கைப்பேசியில் அலாரம் அடிக்கும். அதற்கு முன்பெல்லாம் அவள் எனக்குப் பரிமாறிவிட்டு, நான் கை கழுவிய பிறகுதான் தன் தட்டை எடுப்பாள். மாத்திரைக்குச் சோறு வேண்டும் என்பதால் இரண்டு தட்டும் ஒன்றாக மேசைக்கு வந்தன. பாதிச் சாப்பாட்டில் நான் அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி அவள் கையில் வைப்பேன். தண்ணீர்க் கிளாஸை நானே நிரப்பி வைப்பேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜொகூர் பாருவுக்கும் நான்தான் காரில் கூட்டிப் போவேன். போகும்போது ஸ்கூடாயில் மகள் வீட்டில் தலையைக் காட்டுவோம். அவள் தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவள். அம்மாவுடைய மாத்திரை அட்டையை அப்பா எண்ணுகிற மாதிரி பேங்கில்கூட யாரும் எண்ணமாட்டார்கள் என்று என்னைக் கிண்டல் செய்வாள். எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும்.

மருந்து வேலை செய்தது. வயிற்றுக் கனம் போனது, காய்ச்சல் போனது. நாலாவது வருடம் டாக்டர், இயந்திரத்தில் தேடினாலும் நோய் கண்ணில் படவில்லை என்றார். அதற்குப் பிறகு எடுத்த ஒவ்வொரு பரிசோதனையிலும் அதேதான். ஆனால் மருந்தும் அவளைச் சும்மா விடவில்லை. காலையில் எழுந்தால் கண் இரண்டும் வீங்கியிருக்கும். கை கால் இழுத்துக்கொள்ளும். அவள் கார்மெண்ட் பேக்டரியில் இருபது வருடம் தைத்தவள். அதை விட்ட பிறகு வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுத்தாள். ஊசியில் நூல் கோர்க்கும்போது கட்டைவிரல் உள்ளே மடங்கி அப்படியே நின்றுவிடும். நான் ஒவ்வொரு விரலாக நீவிப் பிரித்துவிடுவேன். அப்புறம் ஒரு தீபாவளிக்கு, இனி ரவிக்கை தைக்க முடியாது என்று எல்லாருக்கும் சொல்லி அனுப்பிவிட்டாள். மெஷினுக்கு ஒரு துணியைப் போட்டு மூடினாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உயிரோடு இருக்கிறாளே, ரவிக்கை யாருக்கு வேண்டும் என்று நினைத்தேன்.

போன வருடம் பொங்கல் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் புதிதாக ஒன்று சொன்னார். இத்தனை வருடம் இவ்வளவு நன்றாக இருப்பவர்களுக்கு மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம். சிலருக்கு நோய் திரும்பவே வராது. சிலருக்கு வரும், பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே தெரிந்துவிடும். அதனால் மாதா மாதம் ரத்தம் பார்க்க வேண்டும். திரும்பி வந்தால் மறுபடி மாத்திரையை ஆரம்பிக்கலாம், அநேகமாகக் கேட்கும். உறுதி என்று எதுவும் கிடையாது, வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு அடுத்த மாதம் வந்து சொல்லுங்கள் என்றார்.

நான் யோசிக்கவே இல்லை. வேண்டாம் என்று கார் நிறுத்துமிடத்துக்கு வருவதற்குள்ளேயே முடிவு கட்டிவிட்டேன். பிரேக் நன்றாகப் பிடிக்கிறது என்பதற்காக யாராவது பிரேக்கைக் கழற்றிவிட்டு பஸ்ஸை ஓட்டுவார்களா? அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். மகளிடம் போனில் சொன்னேன், அவளாவது என் பக்கம் நிற்பாள் என்று. அவள் நிதானமாக ஒரே வார்த்தையில் முடித்தாள்.

"அம்மா உடம்பு லா அது, அப்பா. அம்மா சொல்லட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. யார் எட்டு மணிக்கு மாத்திரை கொடுத்தது? யார் இத்தனை வருடம் ஒரு நாள் தவறாமல் பார்த்துக்கொண்டது? ஒரு நாள் விட்டிருந்தால் இன்றைக்கு இவள் இருப்பாளா? இதையே ஒரு வாரம் வீட்டில் பாட்டாகப் பாடினேன். ஒரு நாள் விட்டிருந்தால், ஒரே ஒரு நாள் விட்டிருந்தால் என்று.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அப்படிப் பாடிக்கொண்டிருந்தபோது அவள் எழுந்து உள்ளே போனாள். வரும்போது கையில் பொத்தான் போட்டு வைக்கும் பழைய பிஸ்கட் டின். எங்கள் வீட்டில் நான் திறக்காத ஒரே டின் அது. மூடியைத் திறந்து, பொத்தானுக்கும் கொக்கிக்கும் அடியிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்தாள். மேசையில் வைத்து அவிழ்த்தாள். உள்ளே மாத்திரைகள். எனக்குத் தெரியாதா அந்த நிறம்.

"சஷ்டி அன்னைக்கு நான் மாத்திரை போடறதில்லங்க," என்றாள். "ஒரு நாள் விட்டா போச்சுன்னு சொல்றீங்களே. இத்தனை நாள் விட்டிருக்கேன்."

நடந்தது இதுதான். இயந்திரத்தில் நோய் தெரியவில்லை என்று டாக்டர் முதல்முறை சொன்ன மாதத்திலிருந்து அவள் முருகனுக்கு மாதா மாதம் சஷ்டி விரதம் பிடிக்கிறாள். அன்றைக்குப் பாலும் பழமும்தான், மறுநாள் காலையில்தான் சோறு. அது எனக்குத் தெரியும். கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் இருப்பாள், அதுவும் தெரியும். அன்றைக்கெல்லாம் எட்டு மணிக்கு அலாரம் அடித்தால், காலையிலேயே பாலோடு போட்டுவிட்டேன் என்பாள், நானும் அட்டையைப் பார்ப்பேன், ஒரு குழி காலியாக இருக்கும், திருப்தியாகப் போய்விடுவேன். மாத்திரைக்கு வயிறு நிறையச் சோறு வேண்டும், சோறு தின்றால் விரதம் போய்விடும். வெறும் பாலோடு ஒருமுறை போட்டுப் பார்த்து வாந்தி எடுத்திருக்கிறாள். அதனால் பிதுக்கி எடுத்துப் பொத்தான் டின்னில் போட்டுவிட்டாள். தூக்கிப் போட்டிருக்கலாமே என்றால், மருந்தைக் குப்பையில் போட மனசு வரவில்லையாம்.

நான் எண்ணினேன். ஐம்பத்தொன்று இருந்தது. கந்த சஷ்டியின் ஆறு நாட்கள் தொடர்ந்து மருந்தில்லாமல் இருந்திருக்கிறாள் என்று நினைத்ததும் மறுபடி ஒருமுறை எண்ணினேன். அடுத்த நொடி கோபம் தலைக்கேறியது. நான் போட்ட சத்தத்தில், பக்கத்து வீட்டுச் சீன அம்மா செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் குழாயை மூடிவிட்டு உள்ளே போய்விட்டார். மூன்று வருடத்துக்கு மேல் என்னை முட்டாளாக்கியிருக்கிறாய் என்றேன். உனக்கு நான் யார், வாட்ச்மேனா என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், எழுதக் கூசுகிறது. அவள் மாத்திரைகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கைக்குட்டையில் எடுத்து வைத்தாள்.

எனக்குக் கோபம் வந்தால் சாப்பிட மாட்டேன். கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான். அவள் வந்து மூன்று முறை, நாலு முறை கூப்பிட வேண்டும், நான் முறைத்துக்கொண்டே போய் உட்கார வேண்டும். இந்தத் தடவை அவள் கூப்பிடவில்லை. நான் இரண்டு நாள் கடையில் ரொட்டி சானாய் தின்றுவிட்டு வந்து படுத்தேன். மூன்றாவது நாள் எட்டு மணிக்கு அலாரம் அடித்தது. அவள் இரண்டு தட்டிலும் சோறு போட்டு, மாத்திரையைத் தன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீங்கள் சாப்பிட்டால்தான் நான் சாப்பிடுவேன், நான் சாப்பிட்டால்தான் மாத்திரை என்றாள். ஐயோ, இவளிடம் யார் ஜெயிக்க முடியும். போய் உட்கார்ந்தேன். ரசம் நன்றாக இருந்தது, அதைச் சொல்லவில்லை.

டாக்டரிடம் பதில் சொல்ல வேண்டிய நாள் வந்தது. கைக்குட்டை முடிச்சை நான்தான் சட்டைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதில் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆயர் ஈத்தாம் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறினோம். இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். வழியில் ஓய்விடத்தில் நிறுத்தி பால் கலந்து சூடாக இரண்டு கிளாஸ் தே வாங்கிக்கொண்டு வந்து, வெளியே சிமெண்டு மேசையில் உட்கார்ந்தோம். எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. இவ்வளவு பெரிய மருந்தை விட்டுவிட்டுப் பட்டினி கிடக்கிற அளவுக்கு அப்படி என்ன வேண்டுதல்? நோய் போக வேண்டும் என்றால் மாத்திரையைத்தானே போட்டிருக்க வேண்டும்?

"அப்படி என்னா கேட்டே சாமிகிட்ட?" என்றேன்.

"சொன்னா கோவிச்சுக்குவீங்க."

"ஏற்கெனவே கோவமாத்தான் இருக்கேன். சொல்லு."

அவள் தே கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். விரல் அன்றைக்கும் சரியாக நிமிரவில்லை.

"உங்களுக்கு முன்னாடி என்னைக் கூப்பிட்டுக்காதே முருகான்னு கேட்டேன்."

எங்கள் பெண்கள் யாரும் இப்படிக் கேட்க மாட்டார்கள். பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர வேண்டும் என்றுதான் என் அம்மா கேட்டாள், அவள் அம்மாவும் கேட்டாள். எங்கள் வரிசையில் கோயிலுக்குப் போகிற ஒவ்வொரு பெண்ணும் புருஷனுக்கு முன்னால் போக வேண்டும் என்றுதான் விளக்கு ஏற்றுகிறாள். அப்படிப் போன ஒரு அம்மாவின் சாவில், கொடுத்து வைத்தவள் என்று சொல்லி மற்றவர்கள் அந்த மஞ்சளையும் குங்குமத்தையும் வாங்கி வைத்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். இவள் அதற்கு நேர்மாறாகக் கேட்டிருக்கிறாள். என் நெற்றி வெறுமையாக இருந்தாலும் பரவாயில்லை என்று, ஐம்பத்தொரு நாள் பட்டினி கிடந்து கேட்டிருக்கிறாள்.

ஏன் என்று கேட்டேன்.

"கோவம் வந்தா நீங்க சாப்பிட மாட்டீங்க," என்றாள். "மகளுக்கு வேலை இருக்கு, பிள்ளைங்க இருக்கு. யாரு வந்து நாலு வாட்டி கூப்பிட்டுக்கிட்டு நிப்பா? உங்களுக்குக் கடுகு எங்க இருக்குன்னுகூடத் தெரியாது."

நான் எழுந்து கழிப்பறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது. ஒரு லாரிக்காரர் கை கழுவ வந்தவர், என்னைப் பார்த்துவிட்டு, கழுவாமலே போய்விட்டார். ஏழு வருடமாக அவளை நான் பிடித்து வைத்திருக்கிறேன் என்று மார் தட்டிக்கொண்டிருந்தேன். அவள்தான் என்னைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள், என் சத்தத்தையும் தாங்கிக்கொண்டு.

டாக்டர் கைக்குட்டையை அவிழ்த்துப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். ஏன் போடவில்லை என்று என் மனைவியைத்தான் கேட்டார். விரதம், புவாசா, என்று மலாயில் சொன்னாள். அவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை, நோன்பு பிடிக்கிறவர்தானே. நீங்கள் தப்பித்தது அதிர்ஷ்டம், இது மருந்து வேண்டாம் என்பதற்குச் சாட்சி ஆகாது, இப்படி விட்டு விட்டுப் போட்டதில் மருந்தே கேட்காமல் போயிருக்கலாம் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். ஆறு மாதம் ஒரு நாள்கூட விடாமல் போட வேண்டும், இரண்டு முறை ரத்தம் பார்க்கிறேன், சுத்தமாக இருந்தால் அப்போது நிறுத்துவதைப் பேசலாம் என்றார். எங்களில் உடம்பு சரியில்லாதவர்கள் நோன்பை வேறு விதமாக ஈடு செய்துகொள்ளலாம், உங்கள் சாமி அப்படி விடமாட்டாரா என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

அப்புறம் மேசையில் கையை ஊன்றி என் மனைவியைப் பார்த்துக் கேட்டார், உங்களுக்கு என்ன வேண்டும் மாச்சிக் என்று, சொந்த அத்தையைக் கூப்பிடுகிற மாதிரி. நான் வாயைத் திறந்தேன். டாக்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஏழு வருடத்தில் அந்தக் கேள்வியை நான் ஒருமுறைகூட அவளிடம் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அவள் தன் வலது கையை மேசைமேல் வைத்துக் காட்டினாள். இது எனக்குத் திரும்ப வேண்டும் டாக்டர், தைக்க வேண்டும் என்றாள்.

திரும்பி வரும்போது அவள் முகம் வாடிப்போயிருந்தது. ஆறு மாதத்துக்கு ஆறு சஷ்டி. மாத்திரை போட்டால் விரதம் இல்லை, விரதம் இல்லையென்றால் கேட்டது என்ன ஆகும்? அதுதான் அவள் கவலை. சீ, இதற்கா இவ்வளவு என்று, உனக்குப் பதில் விரதம் நான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! நான் பசி தாங்காதவன். பத்து மணிக்கு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வராவிட்டால் ஸ்டியரிங்கைக் குத்துகிறவன். நீங்களா, என்றாள். நானேதான், என்றேன்.

முதல் சஷ்டி அன்றைக்கு விடியற்காலையிலேயே கோயிலுக்குப் போய் நின்றேன். இவள் உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லத்தான் போனேன். முருகனைப் பார்த்ததும் வேறு வார்த்தை வந்தது. அவள் என்ன கேட்டாளோ அதைக் கொடுத்துவிடு என்றேன். என்ன கேட்கிறேன் என்று தெரிந்துதான் கேட்டேன். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை.

அன்றைக்கு மத்தியானம் பசியில் ஹாரனை நான் அமுக்கிய அமுக்கில் ஒரு பெண் பயந்துபோய் தின்னச் சொல்லி ஒரு கறிபாப்பை என் பக்கம் நீட்டினாள். வேண்டாம், விரதம் என்று எரிந்து விழுந்தேன். யாருக்காக என்று கேட்டாள். சொன்னேன். அடுத்த சஷ்டிக்கு எல்லாப் பெண்களும் ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்து வரிசையாக நின்றிருந்தார்கள். ஹாரனுக்கு வேலையே இல்லை. எட்டு மணிக்கு வீட்டில் அவள் மட்டும் சோறு சாப்பிடுவாள், நான் பால் கிளாஸோடு எதிரில் உட்கார்ந்து மாத்திரையைப் பிதுக்கிக் கையில் கொடுப்பேன், அவள் விழுங்கும் வரைக்கும் கண்ணை எடுக்க மாட்டேன். நாக்கைத் தூக்கிக் காட்டு என்றுகூட ஒருமுறை கேட்டேன். காட்டிவிட்டுச் சிரித்தாள்.

இரண்டு பரிசோதனையும் சுத்தமாக வந்தன. டாக்டர் மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னார். வரலாம், வராமலும் போகலாம், உறுதி இல்லை. நான் இந்தத் தடவை பேசவே இல்லை. அவள் என்னைத்தான் பார்த்தாள். எனக்குப் பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் அந்தக் கை மேசைமேல் சுருண்டு கிடந்ததைப் பார்த்தேன். உன் இஷ்டம், மாசா மாசம் கூட்டிக்கொண்டு வர நான் இருக்கிறேன் என்றேன். நிறுத்திவிடலாம் என்று அவள் டாக்டரிடம் சொன்னாள்.

மாத்திரையை நிறுத்திய முதல் நாள் எட்டு மணிக்கு அலாரம் அடித்தது. நான் அதை அழிக்கப் போனேன். இருக்கட்டும், அது சாப்பாட்டுக்கு என்றாள். தண்ணீர்க் கிளாஸை நான் பழக்கத்தில் விளிம்பு வரைக்கும் நிரப்பி வைத்துவிட்டேன், அவளும் முழுவதையும் குடித்து முடித்தாள். இரண்டாவது மாதம் அவளுக்கு மூட்டெல்லாம் வலி எடுத்தது. போச்சு, வந்துவிட்டது என்று நான் வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். மாத்திரையை விட்டால் சிலருக்கு இப்படி வலிக்கும், போய்விடும் என்றார்கள். போய்விட்டது. மூன்றாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டு ஹாலுக்கு வந்தேன். மூடியிருந்த துணி மடித்து நாற்காலியில் இருந்தது. அவள் ஊசியில் நூலைக் கோர்த்து என்னிடம் தூக்கிக் காட்டினாள். நான் போய் விளக்கைப் போட்டுவிட்டேன்.

இதற்கிடையில் நான் ஒரு காரியம் செய்தேன். ஓய்விடத்தில் அவள் சொன்னது மனசை அரித்துக்கொண்டே இருந்ததால், சமையல் கற்றுக்கொண்டால் அவள் கவலை தீருமே என்று நினைத்தேன். ஒரு நாள் அடுப்படியில் போய் நின்று, எனக்கு ரசம் வைக்கச் சொல்லிக்கொடு என்றேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், கரண்டியை என் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"ஒண்ணும் வேணாம். இந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லித்தான் முருகன்கிட்ட கேட்டிருக்கேன். நீங்க கத்துக்கிட்டா அப்புறம் என்னை எதுக்கு விட்டு வைப்பாரு?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கண்ணில் சிரிப்பு இல்லை. நான் ஹாலுக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

நாளைக் காலை ஆறாவது மாத ரத்தத்துக்கு ஜொகூர் பாருவுக்குப் போகிறோம். இதுவரைக்கும் ஐந்தும் சுத்தம். நாளைக்கு என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. பைலை எடுத்து வைத்துவிட்டேன், வண்டிக்கு எண்ணெய் போட்டுவிட்டேன். இப்போது அடுப்படியில் அவள் தாளிக்க எண்ணெய் வைத்திருக்கிறாள், கடுகை எடுங்க என்கிறாள். கடுகு இரண்டாவது தட்டில், நீல மூடி போட்ட டப்பாவில் இருக்கிறது. பக்கத்தில் வெந்தயம், அதற்குப் பின்னால் பெருங்காயம். ஸ்கூடாயில் மகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவளிடம் ரகசியமாகக் கற்றுக்கொண்டேன். எனக்கு இன்றைக்கு ரசமும் தெரியும், சாம்பாரும் தெரியும். நான் அலமாரியைத் திறந்து, நீல மூடியை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு, கடுகு எங்கே இருக்கிறது என்று சத்தம் போடுகிறேன்.

அலமாக், என்று தலையில் அடித்துக்கொண்டு அவளே வருகிறாள். என் தோளுக்கு மேலே கையை நீட்டி டப்பாவை எடுக்கிறாள். விரல்கள் நன்றாக மடங்கி நிமிர்கின்றன.

"நான் இல்லேன்னா இந்த மனுஷன் என்னாதான் பண்ணுவாரோ."

மேலே இருக்கிறவருக்கும் கேட்கட்டும் என்று அதைக் கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்கிறாள். நானும் இன்னும் எதையோ தேடுகிற மாதிரி அலமாரியைத் துழாவிக்கொண்டே நிற்கிறேன்.